சில்வரி பார்ப்ஸ்: விலை மாறாத ஒரு மந்திரம்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் கட்டாயம் சண்டை வருகிற தலைப்புகள் சில உண்டு. சில்வரி பார்ப்ஸ் அதில் ஒன்று. 2021 டிசம்பரில் வெளியான ‘ஸ்ட்ரிக்ஸ்ஹேவன்: எ கரிக்குலம் ஆஃப் கேயாஸ்’ புத்தகத்தில் வந்த முதல் நிலை மந்திரம் இது. “ரொம்ப ஓவர் பவர், எங்க டேபிள்ல தடை” என்று ஒரு கட்சி. “அட, இருக்கறதே ஒரு ரியாக்‌ஷன், அதையும் செலவு பண்ணித்தானே போடறோம்” என்று இன்னொரு கட்சி. இரண்டுமே பாதி சரி என்பது என் எண்ணம். எந்தப் பாதி என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். கதையை நடத்துகிறவர் டிஎம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒரு காரியம் பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, கூட்ட வேண்டியதைக் கூட்டி, இலக்கு எண்ணைத் தொட வேண்டும். ஒரு மந்திரத்தில் மாட்டாமல் தப்பிக்க உருட்டுவது சேவிங் த்ரோ. மந்திரம் போடுபவருக்கு ஒரு நாளைக்கு இத்தனை ஸ்லாட் என்று அளவு உண்டு. முதல் நிலை ஸ்லாட் மலிவு, ஒன்பதாம் நிலை அபூர்வம்.

இப்போது நம் மந்திரம். 60 அடிக்குள் உங்கள் கண்ணில் படுகிற யாராவது ஒரு தாக்குதலிலோ, திறமைச் சோதனையிலோ, சேவிங் த்ரோவிலோ ஜெயித்தால், உடனே ரியாக்‌ஷனாக இதைப் போடலாம். அவர் பகடையை மறுபடி உருட்டி, இரண்டில் குறைந்ததை வைத்துக்கொள்ள வேண்டும். கொசுறாக, இன்னொருவருக்கு (அது நீங்களாகவும் இருக்கலாம்) அடுத்த உருட்டலில் அட்வான்டேஜ், அதாவது இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும் சலுகை. இத்தனைக்கும் விலை ஒரு முதல் நிலை ஸ்லாட்.

முதலில் தற்காப்பு. உங்கள் கவச எண் 16. ஓகர் ஒன்று +6 உடன் அடிக்கிறது. பகடையில் 10 முதல் 20 வரை எது விழுந்தாலும் அடி படும். மொத்தம் 11 எண்கள். இங்கே போட்டிக்கு இருப்பது ஷீல்டு. அதுவும் முதல் நிலை, அதுவும் ரியாக்‌ஷன். கவச எண்ணில் 5 கூட்டும். ஆக 10 முதல் 14 வரை விழுந்த அடிகள் தவறும்: 11-க்கு 5, சுமார் 45%. சில்வரி பார்ப்ஸ் போட்டால் மறு உருட்டலில் 1 முதல் 9 வரை விழ வேண்டும்: 20-க்கு 9, அதுவும் 45%. ஷீல்டு உங்கள் அடுத்த முறை வரும்வரை நிற்கும், இது ஒரே அடிக்குத்தான். பதிலுக்கு இது பக்கத்தில் இருப்பவரையும் காப்பாற்றும், 20 விழுந்த கிரிட்டிக்கலையும் கலைக்கும். எதிரி +11 உடன் வந்தால் ஷீல்டுக்கு 31%, இதற்கு 20% தான். தற்காப்பு என்று பார்த்தால் இது ஒரு நல்ல மந்திரம், அவ்வளவுதான். தடை செய்ய இதில் ஒன்றுமில்லை.

பிரச்சினை மறுபக்கத்தில். 2014 விதிகளின்படி ஒன்பதாம் லெவல் விசார்ட் ஒருவர். புத்திக்கூர்மை 18, சேவ் இலக்கு 16. அவரிடம் ஐந்தாம் நிலை ஸ்லாட் ஒன்றே ஒன்றுதான். அதைச் செலவழித்து ஹோல்ட் மான்ஸ்டர் போடுகிறார். எதிரிக்கு +5, அதாவது தப்பிக்கச் சரியாக 50% வாய்ப்பு. தப்பிவிட்டது. வழக்கமாக அந்த ஸ்லாட் போனது போனதுதான். அந்தச் சூதாட்டம்தான் அதன் விலை. சில்வரி பார்ப்ஸ் இருந்தால் முதல் நிலை ஸ்லாட் ஒன்றைத் தூக்கிப் போட்டு மறுபடி உருட்ட வைக்கலாம். எதிரி தப்பிக்கும் வாய்ப்பு 25% ஆகிவிடும். அந்த லெவலில் அப்படிப்பட்ட சில்லறை ஸ்லாட் நான்கு கையில் இருக்கும்.

முதல் லெவலில் இருப்பதே இரண்டு ஸ்லாட், அதில் ஒன்றைக் கொடுப்பது நிஜமான தியாகம். ஒன்பதாம் லெவலில் அதே விலை, ஆனால் வாங்குகிற சரக்கு ஐந்தாம் நிலை. பதினேழாம் லெவலில் ஒன்பதாம் நிலை. சரக்கு ஏறிக்கொண்டே போகிறது, விலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. என் குற்றச்சாட்டு இது ஒன்றுதான்.

விதிப் புத்தகத்திலேயே இதற்கு ஒரு ஒப்பீடு இருக்கிறது. 2014 விதிகளில் சோர்சரரின் ஹைட்டன்ட் ஸ்பெல் 3 புள்ளி கேட்கும். அதுவும் எதிரி உருட்டுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பலனும் இதே 25% தான். ஆனால் 2 புள்ளியில் ஒரு முதல் நிலை ஸ்லாட் செய்துகொள்ளலாம். அதை எதிரி தப்பித்த பிறகு மட்டும் செலவழித்தால் போதும், கொசுறும் கிடைக்கும். இதைப் பார்த்த பிறகு ஹைட்டன்ட் ஸ்பெல்லை யார் எடுப்பார்கள்?

“ரியாக்‌ஷன் போயிடுதே” என்பதை நான் ஒதுக்கவில்லை. அந்தச் சுற்றில் ஷீல்டு கிடையாது, கவுண்டர்ஸ்பெல் கிடையாது. அடி பட்டால் கான்சன்ட்ரேஷன் உடைந்து ஹோல்ட் மான்ஸ்டரே போய்விடலாம். ஆனால் எதிரி கட்டுண்டு நிற்கும்போது அடிக்க யார் வரப்போகிறார்கள்? ஒற்றைப் பெரிய எதிரியோடு நடக்கும் சண்டையில் இந்த வாதம் நொண்டுகிறது. கும்பலோடு நடக்கும் சண்டையில் நிற்கிறது.

2024 விதிகளில் ஒரு சுவாரஸ்யம். ஒரு டர்னில் ஒரு ஸ்லாட் மட்டுமே செலவழித்து மந்திரம் போடலாம் என்று ஆகிவிட்டது. ஹோல்ட் மான்ஸ்டர் போட்ட அதே டர்னில் நீங்களே ஸ்லாட் செலவழித்து பார்ப்ஸ் போட முடியாது. ஓட்டை பாதி அடைபட்டது. கூட இருக்கும் பார்ட் போடலாமே! எதிரி தன் டர்ன் முடிவில் மறுபடி தப்பிக்க உருட்டும்போது நீங்களும் போடலாம்.

முழுத் தடையில் எனக்கு உடன்பாடில்லை. நண்பன் மேல் விழுந்த கிரிட்டிக்கலைக் கலைக்கிற அந்த நொடிக்காகவே இதை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. நான் சொல்வது ஒரு சின்ன வீட்டு விதி: சேவிங் த்ரோவைக் கலைக்க மட்டும், எந்த மந்திரத்துக்கான சேவோ அதன் நிலையில் பாதி (மேல்நோக்கி முழுமையாக்கி) உள்ள ஸ்லாட்டைக் கொடுங்கள். முதல் இரண்டு நிலை மந்திரங்களுக்கு எதுவும் மாறாது. ஹோல்ட் மான்ஸ்டருக்கு மூன்றாம் நிலை ஸ்லாட், அதாவது ஒரு ஃபயர்பாலையோ கவுண்டர்ஸ்பெல்லையோ விட்டுக்கொடுக்க வேண்டும். போடலாமா, வேண்டாமா என்று ஆடுபவர் ஒரு கணம் யோசிப்பார். இப்போது யாரும் யோசிப்பதில்லை, கை தானாகப் போகிறது. அதைத்தான் நான் ஓவர் பவர் என்கிறேன்.