மண்ணைப் பிரிந்த விலங்கு

காட்டு விலங்கைத் தீட்டும் ஓவியன் அதன் உடலை மட்டும் வரைந்தால் போதுமா? அது வாழும் மண்ணையும் வரைய வேண்டாமா? இவ்வினாவை நம்முன் வைக்கும் ஓவியம் ஒன்று இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1765-ஆம் ஆண்டளவில் தீட்டிய அவ்வோவியத்தின் பெயர் 'சிவிங்கியும் கலைமானும் இரு இந்தியரும்'.

அதன் கதை நம் சென்னையில் தொடங்குகிறது. 1763 வரை அங்கு ஆளுநராயிருந்த ஜார்ஜ் பிகட், மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்குச் சிவிங்கிப்புலி ஒன்றைப் பரிசளித்தார். 1764-இல் விண்ட்சர் பூங்காவில் அதனை ஒரு கலைமான்மீது ஏவினர். மானோ அஞ்சி ஓடாமல் எதிர்த்து நின்று சிவிங்கியை விரட்டியது.

ஸ்டப்ஸ் இத்தோல்வியை வரையவில்லை. ஏவுவதற்கு முந்தைய நொடியையே வரைந்தார். குதிரைகளை அறுத்து ஆராய்ந்து உடற்கூற்று நூல் வெளியிட்டவர் அவர். எனவே, சிவிங்கியின் முறுக்கேறிய உடலிலும் புள்ளிகளிலும் பிழை காண்பது அரிது. பணியாளர் இருவரின் முகங்களையும் அவர் கேலியின்றி, மதிப்போடு தீட்டியிருக்கிறார். இவை பாராட்டுக்குரியன.

ஆயினும், விலங்கின் நெற்றியில் சிவப்பு முகமூடி, உடலில் கட்டு. பின்னணியில் உள்ள பாறையும் மரங்களும் அதற்கு அந்நியமானவை. தலைப்பில் அவ்விரு மனிதருக்கும் பெயரில்லை. மண்ணைப் பிரிந்த மூவரை அருகருகே நிறுத்திய இவ்வோவியம் உடைமையின் பெருமையைச் சொல்ல எண்ணி, இழப்பின் துயரத்தைச் சொல்லிவிடுகிறது. அதன் உண்மையான ஆற்றல் இதுவே என்பது நம் கருத்து.

அவ்விழப்பு பின்னர் முழுமையடைந்தது. 1952-இல் இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளைக் குனோவுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ராசிங்காபுரத்தில் நின்று மேற்கே மலையை நோக்கும் நமக்கும் இவ்வோவியம் ஒன்று கூறுகிறது. சிவிங்கி புல்வெளிக்கும் புதர்க்காட்டுக்கும் உரியது. நம் மலைத்தொடருக்கு உரியவை புலியும் சிறுத்தையும். 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைந்தது. ஏலச்செடிக்கு நிழல் தரும் மரங்களும் காட்டின் எச்சங்களே. அவை வீழ்ந்தால், புலியை நாம் சுவரில் மாட்டிய படத்தில் மட்டுமே காண்போம். அப்படம் எத்துணை அழகாயினும், காட்டுக்கு ஈடாகாது.