எறிவதற்கென்று செய்யப்பட்டவை: மலேசியத் தமிழியலும் எழுத்தில்லாப் பொருள்களும்

மலேசியத் தமிழாய்வாளர் தொல்லியலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அப்பேச்சு பெரும்பாலும் கடாரத்தில்தான் போய் நிற்கிறது. பூஜாங் பள்ளத்தாக்கில் குவாரிச் வேல்ஸ் 1936-37இல் அகழ்ந்த கோயில் அடித்தளங்களும், 1025ஆம் ஆண்டை ஒட்டிய இராசேந்திர சோழனின் கடற்படையெடுப்பும், தென் தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் கிடைத்த, தமிழ் எழுத்துப் பொறித்த பொற்கொல்லர் உரைகல்லும் நம் கருத்தரங்குகளில் மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கப்படுகின்றன. அவற்றின் சிறப்பை யாரும் மறுப்பதற்கில்லை. 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் கோயில் எச்சம் இடிக்கப்பட்டபோது நம்மவர் கொதித்தெழுந்ததும் நியாயமே. ஆயினும் இச்சான்றுகள் அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு. எழுத்தைக் கொண்டோ இறையுருவைக் கொண்டோ கட்டட அமைதியைக் கொண்டோ அவற்றை நாம் ஒரு நூலோடு பொருத்திப் படித்துவிட முடிகிறது. அவ்வாறு பொருத்த நூலில்லாத பொருளைக் கண்டால் நம் ஆய்வு வாயடைத்துப் போகிறது. நம் துறையின் பயிற்சிமுறையிலேயே உள்ள இக்குறையைப் பற்றியே இங்குப் பேச விழைகிறோம்.

இக்கட்டுரை எழுதப்படும் கம்போங் மேடானிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் எல்லைக்குள் கிள்ளான், லங்காட் ஆகிய இரு ஆற்றுவெளிகள் அடங்கிவிடும். பந்திங்கை அடுத்த கம்போங் சுங்கை லாங்கில் 1964இல் இரண்டு வெண்கல முரசுகள், ஒரு மரப்பலகையின்மீது வைக்கப்பட்ட நிலையில் மண்ணுக்குள்ளிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டன. வியட்நாமின் டோங்சோன் மரபைச் சேர்ந்தவை அவை. கிள்ளான் புக்கிட் கூடாவிலும் ஒரு முரசு கிடைத்துள்ளது. லங்காட் ஆற்றோரத்து ஜெண்டராம் ஹிலிரில் ஈயம் தோண்டியபோது வெளிப்பட்ட முக்கால் மட்கலங்கள் வெண்கல முரசுகளினும் பல நூற்றாண்டுகள் மூத்தவை. காம்பு செருகும் துளையுடைய பழைய இரும்புக் கருவிகளை இந்நாட்டு மலாய் மக்கள் 'துலாங் மாவாஸ்' என்றனர். மாவாஸ் என்னும் காட்டுயிரின் எலும்பு என்பது பொருள். இவற்றுள் ஒன்றிலும் எழுத்தில்லை. நாம் அறிந்தவரை, தமிழில் இவை பற்றிய விரிவான ஆய்வும் இல்லை.

எழுத்தில்லாப் பொருளையும் அதைப் புழங்கிய மக்களையும் எப்படி அணுகுவது என்ற இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. ரசிய அறிஞர் மிக்லுகோ மக்லாய் 1871-72இல் நியூகினியின் வடகிழக்குக் கரையில் பப்புவா மக்களிடையே வாழ்ந்தவர். பின்னர் 1874-75இல் ஜொகூரிலிருந்து பகாங் வழியாகக் கிளந்தானுக்கும் அப்பாலும் காடுகளூடே நடந்தார். பப்புவா மக்களோடு இனத் தொடர்புடையோர் இத்தீபகற்பத்தின் உட்பகுதியில் உள்ளனரா என்பதே அவர் தேடிய விடை. தம் பயண முடிவுகளை அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை இதழில் 1878இல் வெளியிட்டார். பப்புவா மக்களைக் கீழோராகக் கருதிய காலத்தில் அவர்களை முழு மனிதராகக் கண்டு அவர்களின் உரிமைக்காக வாதாடிய பெருந்தகை அவர். ஆனால் இங்கு வந்தபோது அவர் எழுப்பிய வினா 'இவர்கள் யார் வழியினர்?' என்பதாக இருந்தது. முடியையும் மண்டையோட்டையும் சொற்பட்டியலையும் கொண்டு விடை தேடப்பட்டது. பாயும் ஊதுகுழலும் துணைச்சான்றாக மட்டுமே நின்றன.

அந்த வினா இன்னும் ஓயவில்லை. லெங்கோங் பள்ளத்தாக்கின் குனுங் ருந்து குகையில் 1991இல் பேராசிரியர் சுரைனா மஜீத் குழுவினர் வெளிக்கொணர்ந்த 'பேராக் மனிதன்' ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவன். அவன் ஆஸ்திரேலிய, மெலனீசிய உடற்கூற்றினன் என்று வகைப்படுத்தப்பட்டான். செய்தித்தாள்களும் அதையே பெரிதுபடுத்தின. நமக்கோ அப்புதைகுழியின் பொருள்களே மிகுதியாகப் பேசுகின்றன. பிறவியிலேயே இடக்கை குறைபாடுற்ற ஒருவன் நாற்பது வயதைக் கடந்து வாழ்ந்திருக்கிறான். இறந்தபின் அவனை மடக்கிக் கிடத்தி, கற்கருவிகளையும் உணவையும் உடன்வைத்துப் புதைத்திருக்கின்றனர். அவனைச் சூழ்ந்திருந்த மக்கள் எத்தகையோர் என்பதை அந்த அடக்கமே சொல்லிவிடுகிறது. எந்த இனம் என்ற வினா இவ்வளவை நமக்குத் தந்ததில்லை.

பொருளின் வழியே செயலைப் படிப்பதற்குப் பப்புவாவிலிருந்தே சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்திருப்பது பொருத்தமானது. பப்புவா நியூகினியின் மேட்டுநிலத்தில், மவுண்ட் ஹேகன் நகருக்கு அருகே, வாகி பள்ளத்தாக்கு உள்ளது. 1960களில் அங்குத் தேயிலைத் தோட்டம் அமைக்கச் சதுப்பில் வடிகால் வெட்டியபோது பழங்கால மரத் தோண்டுகோல்களும் துடுப்புப் போன்ற மண்வாரிகளும் வெளிவந்தன. அடுத்த பத்தாண்டில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஜேக் கோல்சன் தலைமையில் கூக் சதுப்புநிலத்தில் நடந்த அகழ்வில் மாடமாளிகையோ அணிகலனோ கல்வெட்டோ கிடைக்கவில்லை. வாய்க்கால்களும் மண்மேடுகளும் நட்டுவைத்த குழிகளுமே கிடைத்தன. உலோகமும் மட்கலமும் இல்லாத மக்கள் ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே வாழையும் கிழங்கும் பயிரிட்டனர் என்பதும், நியூகினி வேளாண்மை தானே முளைத்த இடங்களுள் ஒன்று என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்டவை. இவற்றினும் பழமையானதாகக் கூறப்படும் முதற்கட்டச் சான்று பற்றி அறிஞரிடையே கருத்துவேறுபாடு உண்டு. 2008இல் யுனெஸ்கோ கூக்கை உலக மரபிடமாக அறிவித்தது. 'கற்கால மனிதர்' என்று எள்ளப்பட்ட மக்களின் வரலாற்றை ஒரு வாய்க்கால் திருத்தி எழுதியது என்றால் மிகையாகாது.

தோட்டத்து வடிகால் ஒரு மக்களின் பழமையை வெளிக்காட்டவும் செய்யும், அவர்களின் வாழ்நிலத்தை விழுங்கவும் செய்யும். கிள்ளான் ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள கேரித் தீவில் நிகழ்ந்தது இரண்டாவது. கடல்நீர் புகாதபடி கரைகட்டி, கால்வாய் வெட்டி, முதலில் ரப்பரும் பின்னர் செம்பனையும் அங்கு நடப்பட்டன. அத்தோட்டங்களில் உழைத்தவருள் தமிழர் பெருந்தொகையினர். தோட்டம் விரிய விரியச் சதுப்புக்காட்டை நம்பி வாழ்ந்த மா மெரி மக்களின் நிலம் சுருங்கியது. தலைமுறை தலைமுறையாக அடுத்தடுத்து வாழ்ந்த இவ்விரு மக்களுள் ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதியது மிகக் குறைவு. மா மெரி மொழி ஆஸ்திரோ ஆசிய மொழிக்குடும்பத்தின் அஸ்லி கிளையைச் சேர்ந்தது. இந்தியாவின் சந்தாலியும் முண்டாரியும் அதே குடும்பத்தின் மற்றொரு கிளை. இந்திய ஆய்வியல் துறையொன்றுக்கு இதுவே போதிய நுழைவாயில் அன்றோ?

மா மெரி மரச்சிற்பங்களைத் தேசிய அரும்பொருளகத்திலும் கைவினைக் கடைகளிலும் பலரும் பார்த்திருப்பர். சங்கிலியால் பிணிக்கப்பட்ட புலி மூதாதையின் உருவம் அவற்றுள் புகழ்பெற்றது. ஒரே மரத்துண்டிலிருந்து இணைப்பின்றிச் சங்கிலி வளையங்களைக் குடைந்தெடுக்கும் திறம் வியப்புக்குரியது. இதற்குப் பயன்படும் 'ஞிரே பத்து' என்னும் செந்நிற வன்மரம் சதுப்புக்காட்டில் வளர்வது. இன்று அரிதாகி வருவது. மக்களின் வழக்கில் இவ்வுருவங்கள் 'மோயாங்', அதாவது மூதாதை ஆவிகள். முற்காலத்தில் நோய்தீர்க்கும் சடங்கில் நோய்க்குக் காரணமான ஆவியை உருவத்துக்குள் இறக்கி, உருவத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோய் எறிந்துவிடுவர். எறியப்படும்போதுதான் அதன் பணி நிறைவெய்தும். மூதாதையர் நாளில் பெண்கள் நீப்பா ஓலையை மடித்துச் செய்யும் பறவை, மலர் வடிவங்களும் விழா முடிந்ததும் வாடி உதிர வேண்டியவையே. நம் தென்னங்குருத்துத் தோரணம் உடனே நினைவுக்கு வரும். அதைக் கொண்டு 'தமிழர் தொடர்பு' என்று ஒரு கட்டுரை புனைந்துவிடும் ஆவல் நம்மிடையே வலுவானது. அதை அடக்கிக்கொள்வது நல்லது. ஓலை உள்ள இடமெல்லாம் மடிக்கும் கையும் உண்டு.

இம்மரபைப் பற்றிய முதல் பெருநூல் ரோலண்ட் வெர்னர் எழுதி, 1973இல் வெளிவந்தது. மா மெரி மக்களின் கலையும் பண்பாடும் என்பது அதன் தலைப்பின் பொருள். சிற்பங்களையும் முகமூடிகளையும் அவற்றோடு ஒட்டிய கதைகளையும் பெருமளவில் திரட்டித் தந்த அந்நூலுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். அது இல்லையேல் பல மோயாங்குகளின் பெயரே மறைந்திருக்கும். எனினும் தலைப்பில் 'கலை' முன்னிற்பது தற்செயலன்று என்பது நம் கருத்து. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, பூர்வக்குடி நலத்துறையின் ஊக்கத்தால், எறிவதற்குச் செய்த உருவம் விற்பதற்குச் செய்யும் உருவமாக மாறத் தொடங்கிவிட்டது. சங்கிலிப்புலியின் வழவழப்பு சந்தையும் சேர்ந்து உருவாக்கியது. நூலோ இரண்டையும் ஒரே கலைமரபின் உருப்படிகளாக அடுக்குகிறது. யார் செய்தார், எதற்குச் செய்தார், செய்தபின் அது எங்குச் சென்றது என்ற வினாக்கள் அடுக்கில் பின்தள்ளப்படுகின்றன. சந்தைக்குச் செய்வது இழிவு என்று நாம் சொல்லவரவில்லை. அச்செயலும் ஒரு வரலாறே. வரலாறு இரண்டு என்பதை மறைப்பதே பிழை.

இதே சிக்கல் இந்தோனேசியப் பப்புவாவின் அஸ்மாட் மக்களிடத்தில் இன்னும் கூர்மையாகத் தெரியும். இறந்தோருக்காக அவர்கள் செதுக்கும் 'பிஸ்' கம்பங்கள் பல மீட்டர் உயரமானவை. மரத்தின் ஒரு பலகைவேரை நீக்காமல் விட்டு, தலைகீழாக நிறுத்தி, அதைச் சிறகுபோல் துளைத்துச் செதுக்குவர். விழா முடிந்ததும் கம்பங்களைச் சவ்வரிசிப் பனைகள் வளரும் சதுப்பில் கிடத்தி மட்கவிடுவர். மூதாதையின் ஆற்றல் உணவுமரத்துக்குச் சேரும். 1961இல் அஸ்மாட் கரையில் காணாமற்போன மைக்கேல் ராக்பெல்லர் திரட்டியவை இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரும்பொருளகத்தில் குளிரூட்டிய கூடத்தில் நிற்கின்றன. அவை மட்கியிருந்தால் நாம் கண்டிருக்க முடியாது. மட்காததால் அவை தம் பணியை முடிக்கவுமில்லை. மேலைப் பல்கலைக்கழகங்களில் பயின்று திரும்பிய நம் போன்றோர் அக்கூடங்களின் அழகில் மயங்கி, இந்த இரண்டாவது செய்தியை மறந்துவிடுவதுண்டு.

தமிழாசிரியர் எவருக்கும் இது அயலான கருத்தன்று. புரவியெடுப்பில் வேளார் செய்து ஐயனார் கோயிலில் நிறுத்தும் சுடுமண் குதிரையை யாரும் பழுதுபார்ப்பதில்லை. அடுத்த விழாவுக்குப் புதுக் குதிரை வரும். பழையது வெயிலிலும் மழையிலும் சரிந்து மண்ணாகும். முளைப்பாரி நீரில் கரைக்கப்படும். நிலைத்திருப்பதே மதிப்பு என்று தமிழர் சடங்குமரபு ஒருபோதும் கொள்ளவில்லை. கல்வெட்டைத் தேடும் தமிழாய்வே அவ்வாறு கொண்டது. தமிழகத்தில் புழங்குபொருள் பண்பாடு என்ற பெயரில் நாட்டார் வழக்காற்றியலார் வளர்த்த ஆய்வுமுறை நம் நாட்டுப் பாடத்திட்டங்களில் இன்னும் ஓரத்திலேயே நிற்கிறது.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்கலாம். லங்காட் ஆற்றுவெளியின் புக்கிட் தம்போயில் வாழ்ந்த தெமுவான் மக்களின் நிலம் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995இல் எடுக்கப்பட்டது. சகோங் தாசி வழக்கு எனப் பெயர்பெற்ற அவ்வழக்கில் 2002இல் உயர்நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களின் மரபுவழி நிலவுரிமையை ஏற்றன. எழுத்தாவணம் இல்லாத மக்கள் தலைமுறைத் தொடர்ச்சியை எதைக்கொண்டு மெய்ப்பிப்பர்? வாய்மொழியும், நட்ட மரமும், கட்டிய குடியும், புதைத்த இடமுமே அவர்களுக்குப் பட்டா. அவற்றைப் படிக்கத் தெரிந்த ஆய்வாளர் உள்ளாரா என்பது அந்நிலையில் வெறும் கல்விசார் வினாவாக நின்றுவிடுவதில்லை.

நம்மவர் நிலைக்கு வருவோம். கம்போங் மேடான் பகுதியில் குடியேறிய தமிழருள் பலர் துண்டாடப்பட்ட தோட்டங்களிலிருந்து வெளியேறியோர். புறம்போக்கில் பலகை வீடு கட்டி வாழ்ந்தனர். 2001 மார்ச்சில் உயிர்ப்பலி கொண்ட கலவரத்தின்போதுதான் இவ்விடத்தின் பெயர் நாடெங்கும் அறியப்பட்டது. அதன்பின் இவ்வட்டாரத்தின் வறுமையைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் எழுதப்பட்டது. வீட்டுக்குள் இருந்தவை பற்றி எழுதப்படவில்லை. பலகை வீட்டிலிருந்து தேசா மெந்தாரி போன்ற அடுக்ககங்களுக்கு மாறியபோது எவை உடன் ஏறின, எவை கீழேயே விடப்பட்டன என்பதை எவரும் பட்டியலிட்டதாகத் தெரியவில்லை. மின்தூக்கி பழுதான மாடிக்கு அம்மியைச் சுமப்பது எளிதன்று. உரல் பெரும்பாலும் ஏறியிராது. காண்டா வாளியும் பால் மங்கும் மரம்சீவும் கத்தியும் வேலை போன பின்னர் எதற்காக வைத்திருக்கப்பட்டன, எந்த ஆண்டு பழைய இரும்புக்காரனிடம் போயின? லயத்து முனியாண்டிக்கு நட்ட சூலம் எந்த வீட்டு வாசலில், எந்தப் பூச்சட்டியில் இப்போது நிற்கிறது?

இவ்வினாக்களுக்கு விடை கூறக்கூடியோர் இன்று எழுபதைக் கடந்த மூதாட்டியர். நம் துறையின் மாணவர்க்கு ஆண்டுதோறும் ஆய்வேட்டுத் தலைப்பு வழங்குகிறோம். கவிதைத் தொகுப்புகளும் புதினங்களுமே பெரும்பாலும் அத்தலைப்புகள். அளவுநாடாவும் ஒளிப்படக் கருவியும் ஏடும் கொடுத்து நான்கு மாணவரைத் தேசா மெந்தாரிக்கும், இருவரைக் கேரித் தீவுக்கும் அனுப்புவதற்குப் பெருநிதி எதுவும் வேண்டியதில்லை.