சொடுக்குக் கேட்டு வாங்கும் கத்தி

பழைய அமெரிக்க மடக்குக் கத்திகளைச் சேர்ப்பவர்களில் பலர் முதலில் தேடுவது கேஸ் நிறுவனத்துக் கத்தியைத்தான். பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் செய்தவை. 1970இல் அலகின் அடியில் பத்துப் புள்ளிகள் பொறித்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். புள்ளியை எண்ணினால் கத்தி பிறந்த வருடம் தெரியும். அந்தச் சுவாரசியத்துக்கு விலையும் அதிகம். என் மனம் சாய்வது நியூயார்க் மாநிலத்தில் ஷ்ரேட் நிறுவனம் செய்த ‘ஓல்ட் டைமர்’ பக்கம். ஏராளமாகச் செய்து விற்றதால் இன்றும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. கைத்திறனில் ஏதும் குறைவில்லை.

அந்த வரிசையில் 8ஓடி என்ற கத்தியைப் பாருங்கள். மடக்கினால் சுமார் பத்து சென்டிமீட்டர். கால்நடை வளர்ப்பவருக்கென்றே அமைந்த ஸ்டாக்மேன் வடிவம், மூன்று அலகுகள். கூர்முனை கொண்ட நீள அலகு எல்லா வேலைக்கும். விளிம்பு நேராக ஓடும் இரண்டாவது, பலகை மேல் வைத்து அழுத்தி அறுக்க. மூன்றாவது, காளைக் கன்றுக்குக் காயடிக்க: துள்ளும் மிருகத்தைக் குத்திவிடாதபடி அதன் முனையை மழுக்கியிருக்கிறார்கள். மூன்றும் ஒன்றோடொன்று உரசாமல் ஒரே பிடிக்குள் படுக்கின்றன. அலகை லேசாக வளைத்து இடம் கண்ட அந்தக் கணக்கை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

வாங்கும்போது கண்ணைவிடக் காதை நம்புவேன். நகத்தால் அலகை இழுத்துத் திறந்தால், முதுகு ஸ்பிரிங் ‘டக்’கென்று பிடிக்க வேண்டும், மடக்கும்போதும் அதே சொடுக்கு கேட்க வேண்டும். பிறகு அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பேன். ஆட்டம் கண்ட கத்தியைத் திரும்ப வைத்துவிடுவேன். கார்பன் எஃகில் படிந்த சாம்பல் நீலம் குறையல்ல. பழம் நறுக்கி, கயிறு அறுத்து வந்த நிறம் அது. செந்துரு குழி பறித்திருந்தால் மட்டும் விலகுங்கள். சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கிய கத்தி அதைவிட மோசம். அலகின் அடியில் பொறித்த முத்திரையின் விளிம்பே கரைந்துபோயிருக்கும்.

முத்திரைதான் சாட்சி. ‘ஷ்ரேட் வால்டன்’ என்றிருந்தால் 1970களின் நடுப்பகுதிக்கு முந்தியது. 2004இல் ஆலை மூடப்பட்டது; பெயர் கைமாறி, இப்போது சீனத்துக் கத்திகளில் வருகிறது. அதனால் ‘யுஎஸ்ஏ’ என்ற எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னும் மலிவாக வேண்டுமானால் கடைப்பெயர் பொறித்தவற்றைத் தேடலாம். சியர்ஸ் கடைகள் ‘கிராஃப்ட்ஸ்மேன்’ என்று விற்ற கத்திகளில் பல ஷ்ரேட், கேமில்லஸ் ஆலைகளில் உருவானவை. அதே ஸ்பிரிங், அதே எஃகு. பெயருக்காகக் கொடுக்கும் பணம் மிச்சம்.