கறுத்த ஆயிலும் கையேட்டின் பொடி எழுத்தும்

டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் ஆயில் சோதனை என்றால் பெரும்பாலும் ஒன்றுதான். குச்சியை உருவி, விரலில் தேய்த்து, "கறுத்துருச்சு சார், மாத்திரலாம்." இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஆயிலில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட் வகை ரசாயனங்களின் வேலையே கரியை உள்ளே படியவிடாமல் தன்னோடு மிதக்க வைப்பதுதான். அப்போ கறுக்காமல் என்ன செய்யும்? டீசல் வண்டியில் புது ஆயில் கொஞ்ச தூரத்திலேயே கறுத்துவிடும். பால் மாதிரி வெளுத்திருந்தால் யோசிக்கணும், தண்ணீர் கலந்திருக்கு.

அதுக்காக நான் கையேட்டின் கட்சியும் இல்லை. பல கையேடுகளில் அட்டவணையில் ஒரு கிலோமீட்டர் எண் பெரிதாக இருக்கும். அடியில் பொடி எழுத்தில், தூசி, நெரிசல், குறுகிய தூர ஓட்டம் என்றால் இன்னும் சீக்கிரம் மாற்றவும் என்று ஒரு குறிப்பு. சென்னையிலோ மதுரையிலோ வண்டி ஓட்டுகிற யார் இந்தக் குறிப்புக்குள் வரமாட்டார்கள்? நமக்கான வரியைக் கொண்டுபோய் அடிக்குறிப்பில் வைத்திருக்கிறார்கள்.

இதில் குறுகிய ஓட்டம்தான் முக்கியம். வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர் பள்ளிக்கூடம், திரும்ப வீடு. என்ஜின் முழுசா சூடாகும் முன்பே அணைத்துவிடுகிறோம். எரிப்பில் உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் இறங்கி, ஆவியாக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். வருஷத்துக்கு 1500 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஆயில் புதுசு மாதிரின்னு நினைக்கிறோம். நெடுஞ்சாலையில் அதைவிட அதிகம் ஓடிய வண்டியின் ஆயில் இதைவிட நல்லா இருக்கலாம். அதனால்தான் கையேட்டில் மாதக்கணக்கும் போட்டு, "எது முதலில் வருகிறதோ" என்கிறார்கள்.

அடுத்தது, "நம்ம வெயிலுக்கு கெட்டியா ஊத்தணும்" என்று 10W-30 கேட்கும் வண்டிக்கு 20W-50 ஊற்றும் வழக்கம். W என்றால் விண்டர். அதன் முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மை, பின்னால் இருப்பது 100 டிகிரி சூட்டில் இருக்கும் கெட்டித்தனம். இந்தியாவில் விற்கும் வண்டிக்கு 10W-30 என்று எழுதியவர்களுக்கு நம்ம வெயில் தெரியாதா என்ன?

இதைவிட மோசம், விலை கூடினது நல்லதுன்னு கார் ஆயிலை பைக்கில் ஊற்றுவது. கியர் பைக்குகள் பெரும்பாலானவற்றில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் முழுகிக் கிடக்கிறது. மைலேஜுக்காகப் பல கார் ஆயில்களில் சேர்க்கும் உராய்வுக் குறைப்பான்கள் கிளட்ச்சை வழுக்க வைக்கும். இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பானில் 1998-ல் ஜாஸோ தரம் வந்தது. கியர் பைக்குக்கு டப்பாவில் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 இருக்கணும். எம்.பி. என்பது உராய்வு குறைந்த வகை, கிளட்ச் ஆயிலில் நனையாத கியர்லெஸ் ஸ்கூட்டர்களுக்கு. ஏ.பி.ஐ. எழுத்து எவ்வளவு புதுசு என்பது அதற்கப்புறம்தான்.

இத்தனை பேச்சிலும் அளவு விட்டுப்போகிறது. 100 சி.சி. வண்டி பிடிப்பதே சுமார் 1 லிட்டர். அதில் 300 மில்லி எரிந்துபோனால் மிச்ச ஆயில்தான் எல்லாச் சூட்டையும் தாங்கணும். டெலிவரிக்கு நாள் முழுக்க ஓட்டுகிறவருக்கு அடுத்த சர்வீஸ் தேதியைவிட வாரம் ஒருமுறை குச்சியைப் பார்ப்பது உதவும். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்திப் பாருங்கள். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, சும்மா நுழைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதையும் கையேட்டில் அந்தப் பொடி எழுத்தில்தான் தேடணும்.