ஆகோளும் ஆள்கடத்தலும்: வெட்சி மரபின் நோக்கில் ‘அஞ்சாதே’

தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகக் குறிக்கும் வேங்கடம், சங்கப் புலவர்களுக்கு மொழி மாறும் நிலத்தின் வாயிலாகவும் கவர்ந்து உண்ணும் வீரர் திரியும் காடாகவும் தோன்றியது. வேங்கட நாட்டுப் புல்லியை மாமூலனார் கள்வர்க்குத் தலைவனாகவே அறிமுகப்படுத்துகிறார். அவ்வாறு அழைப்பதில் இழிவேதும் அவருக்குத் தோன்றவில்லை. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைய, சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் பலமுறை மாறிய இந்நிலத்திலும், இதற்குத் தெற்கே செங்கம், தருமபுரிப் பகுதிகளிலும் ஆநிரைப் பூசலில் மாண்டவர்க்கு எடுத்த நடுகற்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன. கவர்தலும் மீட்டலும் இங்கு ஏட்டில் மட்டும் வாழ்ந்த திணைகள் அல்ல.

ஆநிரைப் பூசல் ஓய்ந்த பின்னரும் கவர்தல் ஓயவில்லை. கவரப்படும் பொருளே மாறியது. செல்வர் வீட்டுப் பிள்ளையையோ பெண்ணையோ கடத்தி மீட்புப் பணம் கேட்கும் கதை தமிழ், தெலுங்குத் திரைப்படங்களில் பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது. இக்கதைகளை மேலைநாட்டு இறக்குமதி என்று ஒதுக்குவது திறனாய்வாளரிடையே பெருவழக்கு. அவ்வழக்கில் உண்மை இல்லாமல் இல்லை. சிவநாகேஸ்வர ராவ் இயக்கிய ‘மணி’ (1993) என்னும் தெலுங்குப் படத்திற்கு 1986இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படமே மூலம். வேலையற்ற இளைஞர் இருவர் செல்வர் ஒருவரின் மனைவியைக் கடத்துகின்றனர். கணவனோ அவள் திரும்பிவருவதையே விரும்பவில்லை. மீட்க வேண்டியவனே மீட்க மறுத்தால் கரந்தை என்னாகும் என்ற வினாவை அப்படம் நகைச்சுவையாக எழுப்பி, நகைச்சுவையோடே விட்டுவிடுகிறது. எனினும் கதை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லி அமைவது திறனாய்வு ஆகாது. அக்கதையை ஏற்றுக்கொண்ட மண்ணில் அதற்கு முன்பே என்ன இருந்தது என்பதும் ஆராயத்தக்கது.

தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும் வெட்சித்துறைகளை நோக்கினால், கடத்தல் படத்தின் கதைப்போக்கு அங்கே முன்னரே வகுக்கப்பட்டிருப்பது புலப்படும். படை புறப்படும் ஓசை, நற்சொல் கேட்டல், பகைவர் அறியாதபடி செல்லுதல், ஒற்றரால் செய்தி அறிதல், சூழ்ந்து தங்குதல், கவர்தல், பின்தொடர்வோரை எதிர்த்து விலக்குதல், கவர்ந்ததை வருத்தமின்றிக் கொண்டுவருதல், பங்கிடுதல் என்று அது விரிகிறது. மீட்டலைத் தொல்காப்பியர் வெட்சிக்குள்ளேயே அடக்குகிறார். புறப்பொருள் வெண்பாமாலையோ கரந்தையைத் தனித்திணையாக்குகிறது. வெட்சியை அரசன் ஏவலால் நிகழும் மன்னுறு தொழில் என்றும், வீரன் தானே மேற்கொள்ளும் தன்னுறு தொழில் என்றும் பிரிக்கிறது. இன்றைய ஆள்கடத்தலுக்கு இப்பிரிவு மிகவும் பொருந்துகிறது. ஏவுவோர் எவருமின்றித் தனக்கென நிகழும் கவர்தல் அது.

மிஷ்கின் இயக்கத்தில் 2008இல் வெளிவந்த ‘அஞ்சாதே’ இந்நோக்கில் ஆராயத்தக்க படம். காவலர் குடியிருப்பில் எதிரெதிர் வீடுகளில் வாழும் இரு நண்பர்கள் சத்யாவும் (நரேன்) கிருபாவும் (அஜ்மல்). இருவரும் காவலர் மக்கள். உதவி ஆய்வாளர் ஆவதையே குறிக்கோளாகக் கொண்டு படிப்பவன் கிருபா. பொறுப்பின்றித் திரிபவன் சத்யா. பரிந்துரையின் துணையால் பதவி சத்யாவுக்குக் கிடைக்கிறது, உழைத்தவனுக்குக் கிடைக்கவில்லை. நெஞ்சு கசந்த கிருபா, செல்வர் வீட்டுப் பெண்களைக் கடத்தும் தயா (பிரசன்னா), லோகு (பாண்டியராஜன்) ஆகியோருடன் சேர்கிறான்.

செல்வரின் துன்பத்தைச் சொல்லும் படமாகத் தோன்றும் இது, உண்மையில் இரு எளிய குடும்பங்களின் கதை என்பது நோக்கத்தக்கது. கவர்பவனும் மீட்பவனும் ஒரே தெருவினர். செல்வர் மாளிகை அவர்கள் மோதிக்கொள்ளும் களம் மட்டுமே. பழைய வெட்சியில் கவர்வோர் ஓர் ஊர், மீட்போர் மற்றோர் ஊர். இடையே எல்லை ஒன்று உண்டு. ‘அஞ்சாதே’யில் அவ்வெல்லை ஒரு தெருவின் அகலமாகச் சுருங்குகிறது. கிருபாவை வெட்சி மறவனாக்கியது வறுமை அன்று. நேர்மையாகப் பெறவேண்டிய ஒன்று முறைகேட்டால் பறிபோனதே. அவனிடமிருந்து முதலில் கவரப்பட்டது அவன் பதவி. அதனை மீட்டுத் தருவார் இல்லாதபோது அவன் தானே கவர்வோனாகிறான். கரந்தை தோற்ற இடத்தில் வெட்சி முளைக்கிறது என்னும் இவ்வமைப்பே படத்தின் வலிமை. மீட்க வரும் சத்யாவின் காக்கி உடையும் முறைகேட்டின் பயன்தான் என்பதைப் படம் மறைக்கவில்லை. தமிழ்த் திரையின் காவலர் கதைகளில் இத்துணிவு அரிது.

தயாவின் பாத்திரம் வேறு வகையினது. கவர்ந்த நிரையை வருத்தமின்றிக் கொண்டுவருதலை வெட்சி ஒரு துறையாகவே வைத்தது. கன்றுகாலி நோகாமல் நடத்திவரப்பட வேண்டும் என்பது போரிலும் பேணிய அறம். தயா கவர்ந்த பெண்ணைச் சிதைக்கிறான். பணம் கொடுத்து மகளை மீட்ட பெற்றோர் நடந்ததை வெளியிட அஞ்சுகின்றனர். மானம் கருதி அவர்கள் காக்கும் அமைதியே அடுத்த கடத்தலுக்கு வழியாகிறது. மீட்புப் பணம் கொடுக்கப்பட்டுவிட்டது. ஆயினும் மீட்பு நிகழவில்லை. இவ்விடத்தில் படம் தொடும் உண்மை பெரிது.

தொட்ட உண்மையைப் படம் தொடர்ந்து செல்லவில்லை என்பதையும் கூறவேண்டும். கடத்தப்பட்ட பெண்கள் பெரும்பாலும் அச்சத்தின் குரலாகவே படத்தில் இடம்பெறுகின்றனர். அவர்தம் தந்தையர் பேசுகின்றனர், காவலர் பேசுகின்றனர், கடத்தியோர் மிகுதியாகவே பேசுகின்றனர். ‘மாடு’ என்னும் சொல் தமிழில் செல்வத்தையும் குறிக்கும். ஆநிரையை வாய்பேசாச் செல்வமாகப் பாடியது புலவர்க்குப் பொருந்தும். மகளையும் அவ்வாறே வாய்பேசாச் செல்வமாகக் காட்டுவது, அவளைக் கவர்ந்தவனின் பார்வையைப் படமும் ஏற்றுக்கொண்டதாகிவிடுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றுண்டு. மாண்ட வீரனின் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதை அது பதிவுசெய்கிறது. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் மறவாமல் பொறித்திருக்கிறது. பூசலில் பங்கேற்ற ஒரு நாய்க்கும் பெயர் தந்த மரபில் வந்த படத்தில், கடத்தப்பட்ட பெண்ணின் பெயர் பார்வையாளர் நினைவில் தங்குவதில்லை.

இக்குறையின் அளவை அறிய அகிரா குரோசாவாவின் 1963ஆம் ஆண்டுப் படம் உதவும். எட் மெக்பெய்னின் நாவலைத் (1959) தழுவிய அப்படத்தின் ஜப்பானியப் பெயருக்குச் ‘சொர்க்கமும் நரகமும்’ என்பது பொருள். யோக்கோகாமா நகரின் குன்றின்மேல் வாழும் காலணி நிறுவன நிருவாகி கோண்டோ. அவர் மகனைக் கடத்த வந்தவன் தவறுதலாக ஓட்டுநரின் மகனைக் கொண்டுசெல்கிறான். ஆள் மாறியது தெரிந்த பின்னரும் மூன்று கோடி யென் கேட்கிறான். நிறுவனத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவரக் கோண்டோ திரட்டிய பணம் கையில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் அவர் வாழ்வு சரியும். நாவலின் செல்வர் கொடுக்க மறுக்கிறார். குரோசாவாவின் கோண்டோ கொடுக்கிறார். படத்தின் முற்பகுதி ஏறக்குறைய முழுவதும் அவ்வீட்டின் கூடத்திலேயே நிகழ்கிறது. தலைகுனிந்து நிற்கும் ஓட்டுநர், கணவனை நோக்கும் மனைவி, சுவரோரம் அமர்ந்த காவலர் ஆகியோரின் நிலைகளைக் கொண்டே ஒரு மனிதனின் மனமாற்றத்தைக் குரோசாவா காட்டிவிடுகிறார்.

கரந்தை மறவன் மீட்கச் செல்வது தன் வீட்டுப் பசுவை மட்டும் அன்று, ஊர் நிரையை. அதனாலேயே ஊர் அவனுக்குக் கல் நட்டது. கோண்டோவின் செயல் அத்தகையது. தன் பிள்ளை அல்லாத பிள்ளைக்காக அவர் இழக்கிறார். வீடும் ஏலத்திற்குப் போகிறது. ஓட்டுநரின் மகன் சிறுவனே எனினும், தான் கண்டவற்றை நினைவுகூர்ந்து வரைந்து காட்டிப் புலனாய்வுக்கு உதவுகிறான். கவரப்பட்டவனும் அங்கே மீட்சியில் பங்கு பெறுகிறான்.

‘அஞ்சாதே’யின் செல்வர்களுக்கு இத்தகைய சோதனை வருவதே இல்லை. அவரவர் பிள்ளைக்கு அவரவர் பணம் கொடுக்கின்றனர். காவல்துறை உயர் அதிகாரியின் வீட்டுப் பெண்களே கடத்தப்படும்போது தேடுதலின் வேகம் கூடுகிறது. முன்னர்ச் சிதைக்கப்பட்ட பெண்ணுக்குக் கிடைக்காத விரைவு இவர்களுக்குக் கிடைப்பது ஏன் என்று படத்தில் எவரும் கேட்கவில்லை. தனக்குரிய பதவி இன்னொருவனுக்குப் போவதன் வலியை அறிந்தவன் கிருபா. அவ்வினாவைக் கேட்கத்தக்கவனும் அவனே. அவன் வாயில் அதனை வைத்திருந்தால் படம் வேறொரு தளத்திற்கு உயர்ந்திருக்கும்.