கருவின் முதல் உணவு: அளவு சொல்லாத செய்முறை

உடலுக்கு வெளியே கருவுற்ற முட்டை, கருப்பையில் வைக்கப்படும் வரை சில நாட்கள் ஆய்வகத் தட்டில் ஒரு திரவத்தில் வளர்கிறது. இதுவே வளர்ப்பு ஊடகம். உப்புகள், பைருவேட், லாக்டேட், குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், புரதம் முதலியவை இதில் சேர்க்கப்படுகின்றன.

குளுக்கோஸே உயிரணுவின் எரிபொருள் என்று வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான். முதல் இரண்டு மூன்று நாட்களில் கரு அதைக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. பைருவேட்டையே பெரிதும் நம்பியிருக்கிறது. உயிரணுக்கள் நெருங்கி ஒட்டி, உள்ளே நீர் நிறைந்த கருக்கோளமாக மாறும்போதுதான் குளுக்கோஸின் தேவை கூடுகிறது. இதனால் 1990களில் குளுக்கோஸ் இளங்கருவுக்குத் தீங்கு என்று கருதி, அதை நீக்கிய ஊடகங்களும் வந்தன. அது அவசர முடிவு. மற்றப் பொருட்களின் அளவு சரியாக அமைந்தால் குளுக்கோஸ் இருந்தும் சுண்டெலிக் கரு நன்றாக வளர்வதை ஜான் பிகர்ஸ் குழுவினர் காட்டினர். ஆக, ஒரு சத்து இருக்கிறதா இல்லையா என்பதைவிட, எது எவ்வளவு என்பதே முக்கியம்.

அந்த 'எவ்வளவு' தான் நமக்குச் சொல்லப்படுவதில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் பொருட்களின் பெயர்களைத் தருகின்றன. அளவுகளை வணிக இரகசியம் என்று வைத்துக்கொள்கின்றன. பிஸ்கட் பொட்டலத்தில்கூடச் சர்க்கரை எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறது! ஆய்வாளர்கள் விற்பனைக்கு வரும் ஊடகங்களை வாங்கிப் பகுத்துப் பார்த்துத்தான் அளவுகளை அறிய வேண்டியிருந்தது.

இது வெறும் குறை கூறல் அன்று. நெதர்லாந்தில் 836 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, எச்டிஎஃப், ஜி5 என்ற இரு ஊடகங்களை ஒப்பிட்ட ஆய்வு 2016இல் வெளியானது. ஜி5இல் வளர்ந்த கருக்கள் கருப்பையில் பதிவது கூடுதலாக இருந்தது. ஆனால் அவ்வாறு பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 158 கிராம் குறைந்திருந்தது. சில நாள் உணவு, பிறக்கும்போதும் தடம் காட்டுகிறது.

இவ்வாய்விலும் ஒரு குறை உண்டு. எச்டிஎஃப் எளிய கலவை. அதன் மூலச் செய்முறையில் அமினோ அமிலங்கள் இல்லை. ஜி5இல் அவை உண்டு. மேலும் அது கருவின் நாளுக்கேற்ப இரு திரவங்களாக மாற்றப்படுவது. இத்தனை வேறுபாடுகளுக்கிடையே எந்தச் சத்து எடையைக் குறைத்தது என்று பிரித்தறிய வழியில்லை. ஒவ்வொன்றாக மாற்றிச் சோதிக்க வேண்டுமானால் முழுச் செய்முறையும் கையில் இருக்க வேண்டும். அளவுகளை வெளியிடுங்கள் என்று ஐரோப்பியக் கருவியலாளர்கள் அதே 2016இல் எழுத்து மூலம் கேட்டனர். சிகிச்சைக்குக் கையெழுத்திடும் பெற்றோரும் அதைக் கேட்கலாம்.