வளைந்துகொடுக்கும் எஃகு

எந்த மலைச்சைக்கிள் விளம்பரத்தை எடுத்தாலும் ‘முந்தைய மாடலைவிட இறுக்கமான ஃப்ரேம்’ என்ற வரி தவறாமல் இருக்கும். ஃப்ரேம் இறுகினால் வண்டி நன்றாக ஓடும் என்பது கேட்பவருக்கும் நியாயமாகவே படுகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உள்ள ஸ்டார்லிங் சைக்கிள்ஸ் என்ற சிறு பட்டறையின் ‘மர்மர்’, இந்த நம்பிக்கைக்கு நேரெதிராகக் கட்டப்பட்ட வண்டி. பட்டறையை நிறுவிய ஜோ மெக்யூவன் விமானத் துறையில் கார்பன் போன்ற கூட்டுப்பொருள்களோடு வேலை பார்த்த பொறியாளர். கார்பன் தெரியாத ஒருவர் எஃகைப் பிடித்துக்கொண்டிருந்தால் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிடலாம். தெரிந்தவர் எஃகுக்கு வந்தால் காரணத்தைக் கேட்டே ஆகவேண்டும்.

நேராக ஓடும்போது மேடுபள்ளத்தின் அடியை சஸ்பென்ஷன் வாங்கிக்கொள்கிறது. திருப்பத்தில் வண்டி நன்றாகச் சாய்ந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. சஸ்பென்ஷன் அசைவது வண்டியின் தளத்திலேதான். வேரும் கல்லும் இடிப்பதோ அந்தத் தளத்துக்குக் குறுக்கே. அந்தப் பக்கவாட்டு அடியை வாங்க டயரும் வீலும் ஃப்ரேமும்தான் மிச்சம். ஃப்ரேம் இம்மியும் அசையாவிட்டால் டயர் தரையை விட்டுத் துள்ளும், பிடி போகும். மோட்டோஜிபி மோட்டார்சைக்கிள் பந்தயப் பொறியாளர்கள் பக்கவாட்டு நெகிழ்வைக் கணக்கிட்டே ஃப்ரேமை வடிப்பது இதனால்தான். அந்தப் பந்தயத்தில் டுகாட்டி நிறுவனம் 2009இல் கார்பன் ஃப்ரேமோடு களமிறங்கி, 2012இல் அலுமினியத்துக்கு மாறியது. அதை முழுச் சான்றாக வைக்க முடியாது: டுகாட்டி வீரர் ஸ்டோனர் கார்பன் ஃப்ரேமில் பந்தயங்களை வென்றார், அவருக்குப் பின் வந்த ரோஸி டுகாட்டியின் அலுமினிய ஃப்ரேமிலும் வெல்லவில்லை. ஆனால் முன்சக்கரம் என்ன செய்கிறது என்றே தெரியவில்லை என்ற புகார்தான் அந்த மாற்றத்தை உந்தியது. மர்மரை வேர்கள் குறுக்கே ஓடும் சரிவில் இறக்கினால் இந்த வாதம் காலுக்கே புரிகிறது. பின்சக்கரம் விலகி ஓடாமல் லேசாக நகர்ந்து, தடத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது.

எஃகு இயல்பிலேயே வளையும் உலோகம் என்று பலரும் நினைக்கிறார்கள், அது சரியல்ல. அலுமினியத்தைவிட எஃகு ஏறத்தாழ மூன்று மடங்கு விறைப்பானது, கனமும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. எடையை அடக்குவதற்காகக் குழாயை மெல்லிய சுவரோடு ஒல்லியாக வைக்க வேண்டியிருக்கிறது. விட்டம் குறையக் குறைய விறைப்பு மளமளவென்று இறங்கும். ஆகவே நெகிழ்வு வருவது குழாய் ஒல்லியாக இருப்பதிலிருந்து. அவ்வளவு மெல்லிய சுவர் தாங்குவதற்கு பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1995இல் கொண்டுவந்த 853 எஃகு முக்கிய காரணம். வெல்டு சூடு காற்றில் ஆறும்போது இணைப்புப் பகுதி பலவீனப்படாமல் வலுப்படும் ரகம் அது. பிரிஸ்டலில் கையால் செய்யும் ஃப்ரேமில் வெல்டுக்குப் பதில் பித்தளைப் பற்றவைப்பு. ஒரு குழாயின் நுனி மற்றதன் உருளையோடு ஒட்டி உட்காரும்படி வளைவாக வெட்டப்படுகிறது. உருகிய பித்தளை அந்த மூலையை நிரப்புகிறது. பிறகு அரத்தால் தேய்ப்பு. பெயின்ட்டுக்கு மேல் விரலை ஓட்டினால் குழாய் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. அழகுக்காக மட்டும் செய்ததல்ல. கூர்மையான மூலை இல்லாத இடத்தில் அழுத்தம் ஒரே புள்ளியில் குவியாது.

பின்பகுதி ஒரே கீலில் ஆடுகிறது. பல இணைப்புத் தண்டுகள் கொண்ட வண்டிகளில் பேரிங்குகளை எண்ணி மாளாது. சேறும் மழையுமான பிரிட்டிஷ் குளிர்காலத்தில் அவை ஒவ்வொன்றாகத் தேயும். இங்கே மாற்ற வேண்டியது சொற்பம். பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட் திருகு மரை வகை, கேபிள்கள் ஃப்ரேமுக்கு வெளியே. எந்தச் சாதாரண மெக்கானிக்கும் கைவைக்கலாம்.

எடை கூடுமே என்றால், கூடும்தான். ஏற்றத்தில் கார்பன் வண்டி முந்தும். நேரம் பார்த்துப் பந்தயம் ஓடுபவருக்கு மர்மர் வேண்டாம். ஒற்றைக் கீல் என்பதால் பின் பிரேக்கைப் பிடிக்கும்போது சஸ்பென்ஷன் சற்று இறுகுகிறது; செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கப் பழக வேண்டும். மிதிக்கும் பலம் நெகிழ்வில் வீணாகும் என்ற வாதம் அத்தனை வலுவாக இல்லை. எஃகு வளைந்தால் வில்லாகத் திரும்பும்; வாங்கிய சக்தியில் பெரும்பகுதி வெப்பமாகிக் கரைவதில்லை. இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று: 60 கிலோ ஆளுக்கு அளவாக வளையும் ஃப்ரேம் 100 கிலோ ஆளுக்குத் தொளதொளத்துப் போகாதா?

போகும். ஒருவருக்கென்று ஃப்ரேம் கட்டுவதன் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிறு பட்டறையில் உங்கள் எடையைச் சொல்லிக் குழாயின் விட்டத்தையும் சுவர்த் தடிமனையும் பற்றிப் பேசலாம். கால் நீளம், உடல் நீளம் பார்த்து இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்குமான தூரத்தை வைக்கச் சொல்லலாம். நிறத்துக்கும் பெயர் பொறிப்புக்கும் கொடுக்கும் பணம் இதற்கு முன் ஒன்றுமில்லை. சராசரி உடலும் எடையும் உள்ளவர் அந்தச் செலவைச் செய்யத் தேவையே இல்லை. இதே வடிவத்தைத் தைவானில் வெல்டு செய்து, நிர்ணயித்த அளவுகளில், குறைந்த விலைக்கு அதே பட்டறை விற்கிறது. அளவு பொருந்தினால் அதையே வாங்கலாம். மிச்சப் பணத்தை நல்ல டயரிலும் பிரேக்கிலும் போடுங்கள்.